புலி பச்சையாகத் தெரியும் காடு

முதுமலையில் மழை ஓய்ந்து, உண்ணிச்செடிப் புதர்கள் பச்சைப் பிடித்து நிற்கும் மாதங்களில் ஒரு புலி வெளியே தலைகாட்டினால், வண்டியில் போகிறவர்களுக்கு அதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பச்சைக்கு நடுவே அந்த ஆரஞ்சு நிறம் கண்ணைப் பறிக்கும். பதுங்கிப் பாய்ந்து பிழைக்கும் ஒரு விலங்குக்கு, ஒளிந்துகொள்ளவே முடியாத இப்படியொரு நிறம் எப்படி வாய்த்தது?

புலி ஒளிய வேண்டியது மனிதரிடமிருந்து அல்ல, மானிடமிருந்து. புள்ளிமானும் கடமானும் பார்க்கும் காட்டில் ஆரஞ்சு என்ற நிறமே கிடையாது. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஃபென்னலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019-இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட பின்னணியில் எந்த நிறம் எளிதில் மறையும், எது பளிச்சென்று தெரியும் என்பதை மனிதப் பார்வைக்கும், இரண்டே அடிப்படை நிறங்கள் தெரிகிற விலங்குப் பார்வைக்கும் தனித்தனியே கணினியைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மனிதருக்கு உடனே அகப்படும் புலியின் ஆரஞ்சு, இரண்டாவது வகைக் கண்ணுக்கு இலைகளின் நிறத்தோடு கலந்துபோனது. மானைப் பொறுத்தவரை புலி ஒரு பச்சை விலங்கு. புலியின் கண்ணும் ஏறக்குறைய மானின் கண் மாதிரிதான் என்பதால், தன் உடம்பு ஆரஞ்சு என்பது புலிக்கே தெரியாது.

அப்படியானால் நேராகப் பச்சையாகவே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். பாலூட்டிகளின் ரோமத்தில் அதற்கான சரக்கு இல்லை. கருமையும் பழுப்பும் தரும் ஒரு நிறமி, செம்மையும் மஞ்சளும் தரும் இன்னொரு நிறமி, இவை இரண்டையும் கூட்டியும் குறைத்தும்தான் எலி முதல் யானை வரை எல்லாம் தம் நிறத்தைப் பெற்றிருக்கின்றன. கிளிக்கும் பச்சைப்பாம்புக்கும் கிடைத்த பச்சை புலிக்குக் கிடைக்க வழியில்லை. ஆனால் பார்க்கிற கண் ஏமாறினால் போதும், உண்மையான பச்சை தேவையில்லை.

இந்த ஏமாற்றத்தின் வேர் விழித்திரையில் இருக்கிறது. மனித விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. மங்கலான ஒளிக்குக் குச்சி செல்கள், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்பு செல்கள். கூம்புகள் மூன்று ரகம். ஒன்று சுமார் 420 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் துடிக்கும். இன்னொன்று 530-ஐ ஒட்டிய பச்சைக்கு. மூன்றாவது 560-ஐ ஒட்டி, மஞ்சளும் சிவப்பும் தொடங்கும் பக்கத்துக்கு. தனியாக எந்தக் கூம்புக்கும் நிறம் தெரியாது. ஒரு கூம்பு எவ்வளவு துடித்தது, பக்கத்துக் கூம்பு எவ்வளவு துடித்தது என்று மூளை ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கும் முடிவுதான் நிறம். மான், மாடு, ஆடு, குதிரை, நாய், பூனை என்று பெரும்பாலான பாலூட்டிகளுக்குக் கூம்புகள் இரண்டே ரகம். ஒப்பிட இரண்டுதான் உண்டு என்பதால், பச்சையும் ஆரஞ்சும் சிவப்பும் அவற்றுக்கு ஒரே மங்கல் மஞ்சளாகப் போய்விடுகின்றன.

சிவப்புத் துணியைக் கண்டால் மாடு மிரளும் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு, ஸ்பெயினிலும் உண்டு. ஸ்பானியக் காளைச் சண்டையின் கடைசிக் கட்டத்தில்தான் சிவப்புத் துணி வரும். அதற்கு முன்பு வீரர்கள் வீசுவது ஒருபக்கம் மெஜந்தா, மறுபக்கம் மஞ்சள் நிறமுள்ள பெரிய துணி. காளை அதையும் அதே வேகத்தில்தான் முட்டவருகிறது. அதை இழுப்பது அசைவு. சிவப்பு, பார்க்க வந்த கூட்டத்துக்காக. நாய் விஷயமும் இதுதான். அமெரிக்காவில் ஜே நீட்ஸும் சக ஆய்வாளர்களும் 1989-இல் நாய்களைப் பழக்கிச் சோதித்து, அவற்றுக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தெரியாது என்று காட்டினார்கள். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு, அது கிடக்கும் இடம் தெரியாமல் மோப்பம் பிடித்து அலையும் நாயைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அடுத்த முறை ஒரு நீலப் பந்து வாங்கிக் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட உலகத்தை உள்ளேயிருந்து பார்த்து எழுதிவைத்த மனிதர் ஒருவர் உண்டு. அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன். ரத்தச் சிவப்பும் இலைப் பச்சையும் மற்றவர்களுக்கு வேறுவேறாகத் தெரிகின்றன என்பதை அவர் வளர்ந்த பிறகே உணர்ந்தார். 1794-இல் மான்செஸ்டர் அறிவியல் கழகத்தில் தன் பார்வையைப் பற்றி விரிவாகப் பேசினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும், அது சிவப்பை உறிஞ்சிவிடுகிறது என்பது அவருடைய ஊகம். இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-இல் அவர் இறந்ததும் மருத்துவர் பார்த்தார். திரவம் எல்லோருக்கும் இருப்பதுபோலத் தெளிவாகவே இருந்தது. கண்ணின் எச்சம் மட்டும் பாதுகாக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பரிசோதித்தபோது விடை கிடைத்தது: நடு அலைநீளத்துக்கான, அதாவது பச்சைப் பக்கக் கூம்புக்கான மரபணு அவரிடம் இல்லை. அறிவியல் வரலாற்றில் இத்தனை பொறுமையாகக் காத்திருந்து பதில் பெற்ற கேள்விகள் குறைவு.

டால்டனிடம் இல்லாத அந்த மரபணு, மற்றவர்களிடம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. மீன்கள், ஊர்வன, பறவைகள் பலவற்றுக்கு நான்கு ரகக் கூம்புகள் உண்டு. முதுகெலும்பிகளின் பழைய சொத்து அது. டைனோசர்கள் பகலை ஆண்ட கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாலூட்டிகளின் முன்னோர் இரவில் நடமாடிப் பிழைத்தன. இருட்டில் நிறத்தால் பயனில்லை. நான்கில் இரண்டு கைநழுவின. பிறகு சுமார் மூன்று, நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளின் முன்னோரிடத்தில் எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு இரட்டித்தது. இரண்டு பிரதிகளும் மெல்ல விலகி, ஒன்று பச்சைப் பக்கமும் மற்றொன்று சிவப்புப் பக்கமும் சாய்ந்தன. இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையும், சிவந்த இளந்தளிரையும் கண்டுபிடிக்க இது உதவியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மனிதர் ரசிக்கும் சிவப்பெல்லாம் இப்படி வந்ததுதான். அந்த இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான், ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண்களிடம் சிவப்பு, பச்சைக் குழப்பம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றில் சுமார் 8 பேருக்கு அது உண்டு.

ஆக, நிறப் பார்வையில் மனிதர் பாலூட்டிகளுக்குள் பணக்காரர். பாலூட்டிகளை விட்டு வெளியே வந்தால் கதை வேறு.

தேனீக்களுக்கு நிறமே தெரியாது என்று நூறாண்டுகளுக்கு முன்பு மியூனிக் நகரின் புகழ்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் கார்ல் ஃபான் ஹெஸ் உறுதியாகச் சொல்லிவந்தார். இளைஞரான கார்ல் ஃபான் ஃபிரிஷ் அதை நம்பவில்லை. நிறம் தெரியாத பூச்சிக்காகப் பூக்கள் இத்தனை வண்ணம் எதற்குக் காட்ட வேண்டும்? 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த சோதனைக்கு அட்டையும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டுமே தேவைப்பட்டன. நீல அட்டைமேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு புதிய நீல அட்டை ஒன்றை, வெளிறியதிலிருந்து கறுத்தது வரை படிப்படியான சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வைத்து, எல்லாவற்றின் மேலும் காலிக் கிண்ணங்களை வைத்தார். நிறம் தெரியாத கண்ணுக்கு அந்த நீலம் ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு குழம்பியே தீர வேண்டும். தேனீக்கள் குழம்பவில்லை. நேராக நீலத்துக்கு வந்து இறங்கின. சிவப்பு அட்டையோடு அதே சோதனையைச் செய்தபோது கறுப்போடு குழப்பிக்கொண்டன. 1973-இல் ஃபான் ஃபிரிஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது, தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்தது உள்ளிட்ட பணிகளுக்காக.

தேனீக்கும் மூன்று ரக ஒளியுணர் செல்கள் உண்டு. ஆனால் மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும்: பச்சை, நீலம், அதற்கும் அப்பால் புற ஊதா. சிவப்பை இழந்து புற ஊதாவைப் பெற்றிருக்கிறது. மனிதருக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி இதழின் நுனி புற ஊதாவைத் திருப்பி அனுப்பும், அடி உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தேனீ பார்க்கும் சூரியகாந்தியில் நடுவே கருவளையமும் சுற்றிலும் ஒளிவளையமும் உண்டு. இறங்க வேண்டிய இடம் எது என்று அது காட்டிவிடுகிறது. மாறாக, முள்முருங்கையும் முள்ளிலவும் புரசும் இலையுதிர்ந்த கிளைகளில் சிவக்கச் சிவக்கப் பூப்பது பெரிதும் பறவைகளுக்காக. மைனாவுக்கும் தேன்சிட்டுக்கும் சிவப்பு நன்றாகத் தெரியும்.

புற ஊதாவை மனித விழித்திரை உணரவே முடியாது என்பதில்லை. கண்ணின் லென்ஸ்தான் அதை உள்ளே விடாமல் வடிகட்டிவிடுகிறது. கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்டு மாற்று லென்ஸ் வைக்கப்படாதவர்கள் புற ஊதாவின் ஒரு பகுதியை வெளிறிய நீலமாகக் கண்டிருக்கிறார்கள்.

பகல் தேனீயை விட வியப்பானது ஓர் இரவுத் தேனீ, அதன் பெயரிலேயே தமிழ்நாட்டு ஊர் ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடி டென்மார்க்கின் வணிகத் தளமாக இருந்த காலத்தில், அங்கிருந்து கிடைத்த ஒரு தச்சுத் தேனீயை டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1804-இல் விவரித்து, ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்: சைலோகோப்பா டிராங்கபாரிக்கா. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் இந்த இனத்தின் உறவினர்களைக் கருவண்டு என்று சொல்லி நாம் பகலில் பார்த்திருப்போம். இது மட்டும் நிலவில்லாத இரவிலும் பறக்கும்.

நட்சத்திர வெளிச்சம் பகல் வெயிலை விடப் பத்து கோடி மடங்குக்கும் மேல் மங்கல். அந்த வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் கூம்புகள் கைவிட்டுவிடும், குச்சிகள் மட்டும் வேலை செய்யும். குச்சி ஒரே ரகம் என்பதால் ஒப்பிட எதுவுமில்லை, எனவே நிறமும் இல்லை. இரவில் எல்லாப் பூவும் நமக்குச் சாம்பல்தான். ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ், எரிக் வாரன்ட், அல்முட் கெல்பர் ஆகியோர் மகாராஷ்டிரத்தின் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடான பீமாசங்கரில் இந்தத் தேனீக்களின் கூட்டு வாசலில் வண்ண அடையாளங்களை வைத்துப் பழக்கிப் பார்த்தார்கள். நட்சத்திர வெளிச்சத்திலும் அவை நிறத்தைப் பிரித்தறிந்து வீடு திரும்பின. 2008-இல் வெளியான இந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. அந்துப்பூச்சி ஒன்றுக்கு இரவில் நிறம் தெரியும் என்று கெல்பர் 2002-இல் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் அந்துப்பூச்சியின் கண் அமைப்பு வேறு, நூற்றுக்கணக்கான நுண்லென்ஸ்கள் சேகரித்த ஒளியை ஒரே இடத்தில் குவிக்கும். தேனீயின் கண்ணில் ஒவ்வொரு லென்ஸும் தனக்கு அடியிலுள்ள செல்களுக்கு மட்டுமே ஒளி தரும். பகலுக்கான அமைப்பு அது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, லென்ஸைப் பெரிதாக்கி, நெற்றியிலுள்ள மூன்று தனிக்கண்களையும் பெரிதாக்கி, தரங்கம்பாடித் தேனீ இரவைப் பிடித்திருக்கிறது. அதே காட்டில் வாழும் இன்னும் பெரிய தச்சுத் தேனீ ஒன்று நிலாக் காலத்தில் மட்டும் இரவில் வெளியே வரும். மூன்றாவது இனம் பகலோடு சரி. ஒரே மலையில், ஒரே குடும்பத்தில், கண்ணின் அளவைப் பொறுத்து பொழுது பிரித்துக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

இப்படிப் பல நுண்லென்ஸ்கள் சேர்ந்த கூட்டுக்கண் என்றாலே ஒரு பொய்யான படம் மனதில் வந்துவிடுகிறது. சினிமாவில் ஈயின் பார்வையைக் காட்ட ஒரே முகத்தை நூறு கட்டங்களில் நூறு முறை காட்டுவார்கள். வியன்னாவின் உடலியலாளர் சிக்மண்ட் எக்ஸ்னர் 1891-லேயே இதைத் தீர்த்துவைத்தார். ஒரு மின்மினியின் கண்ணை எடுத்து, நுண்நோக்கியின் வழியே, அந்தக் கண்ணையே லென்ஸாக வைத்து ஒரு புகைப்படம் எடுத்தார். ஜன்னல், அதில் ஒட்டிய ஓர் எழுத்து, வெளியே ஒரு தேவாலயம். எல்லாம் ஒரே படமாக, நிமிர்ந்த படமாக விழுந்திருந்தன. பூச்சி பார்ப்பது ஒரே உலகத்தைத்தான்.

அந்த ஒரே உலகம் மங்கல் என்பது உண்மை. தட்டானின் ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 30,000 சிறுகண்கள் உண்டு. பூச்சிகளில் அதுவே உச்சம். இருந்தும் மனிதக் கண்ணின் நுணுக்கத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மனிதருக்கு இணையான கூர்மை வேண்டுமானால் கூட்டுக்கண் குறைந்தது ஒரு மீட்டர் குறுக்களவு கொண்டதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கூர்மையில் பூச்சியை வெல்லும் மனிதரைக் கழுகு வெல்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகுக்கு மனிதரை விட இரண்டு மடங்குக்கும் மேலான கூர்மை உண்டு.

ஆனால் கூர்மையில் இழந்ததைப் பூச்சிகள் வேகத்தில் ஈடுகட்டிவிட்டன. ஒரு விளக்கு நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிந்தால் அது தொடர்ந்து எரிவதாகத் தெரியும்? மனிதருக்குச் சுமார் 60. வீட்டு ஈக்கு 250-ஐ ஒட்டி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அதன் கீழே உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது நிலையான வெளிச்சம், சுவரில் உட்கார்ந்திருக்கும் ஈக்கு விட்டுவிட்டு எரியும் விளக்கு. கையை ஓங்கினால் ஈ எப்படித் தப்புகிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. மனிதருக்கு மின்னல் வேகமாகத் தெரியும் கை, ஈயின் கண்ணுக்குப் படிப்படியாக இறங்கி வருகிறது. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த கெவின் ஹீலி முதலானோர் 2013-இல் பல விலங்குகளின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல் சிறிதாகவும் வளர்சிதை மாற்றம் வேகமாகவும் உள்ளவை காலத்தை நுணுக்கமாக வெட்டிப் பார்க்கின்றன என்று தெரிந்தது. பிரம்மாண்டமான தோல்முதுகு ஆமைக்கு அந்த எண் வெறும் 15.

வீட்டுச் சுவரிலேயே இன்னோர் அதிசயமும் உண்டு. நூலாம்படை கட்டாமல், நின்று திரும்பிப் பார்த்து, பிறகு இரையின்மேல் குதிக்கும் சின்னஞ்சிறு தாவும் சிலந்தி. எட்டுக் கண்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள ஆறு கண்கள் அசைவை மட்டும் கவனிக்கும். முன்னாலுள்ள இரண்டு பெரிய கண்கள் நீண்ட குழாய்கள். லென்ஸ் ஓட்டோடு ஒட்டி நிலையாக இருக்கும். குழாயின் கடைசியில் இருக்கும் விழித்திரை மட்டும் தசைகளால் அங்குமிங்கும் நகரும். இருட்டறையில் டார்ச்சைச் சுவரில் தடவித் தடவிப் பார்ப்பதுபோல, ஒடுக்கமான அந்தப் பார்வையை இரையின்மேல் ஓட்டி அதன் உருவத்தைச் சிலந்தி அறிந்துகொள்கிறது. பாய வேண்டிய தூரத்தை அது எப்படி அளக்கிறது? விழித்திரை நான்கு அடுக்குகளாக இருக்கிறது. பச்சை ஒளியை உணரும் அடுக்குகள் இரண்டு. அவற்றில் ஒன்றில் உருவம் தெளிவாக விழும்போது மற்றொன்றில் கலங்கலாக விழும். எவ்வளவு கலங்கல் என்பதிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்கிறது. உலகின் வெப்பமண்டல வீடுகளெங்கும் வாழும் அடான்சன் தாவும் சிலந்தியை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இதை நிரூபித்தார்கள். பச்சை வெளிச்சத்தில் குறி தவறாமல் பாய்ந்த சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்னாலேயே விழுந்தன. மூளை குண்டூசித் தலையளவுகூட இல்லாத உயிர், ஒளியியல் பாடம் ஒன்றை உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. அதைத் துடைப்பத்தால் தட்டிவிடுவதற்கு முன்பு ஒருமுறை அதன் முகத்தைக் குனிந்து பார்ப்பது நல்லது. அதுவும் திரும்பிப் பார்க்கும்.

கண்களில் யார் பெரியவர் என்ற போட்டி வைத்தால் பரிசை மாண்டிஸ் இறாலுக்குக் கொடுப்பது வழக்கம். கடலடிப் பாறைகளில் வாழும் இந்த உயிருக்கு நிறத்துக்கு மட்டும் 12 ரக ஒளியுணர் செல்கள். மூன்று ரகத்தை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை நிறம் பார்த்தால், பன்னிரண்டு ரகத்துக்கு எத்தனை லட்சம் வண்ணங்கள் தெரியும் என்று எழுதாதவர் இல்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹன்னா தோயனும் ஜஸ்டின் மார்ஷலும் அதை இறாலிடமே கேட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தால் உணவு என்று பழக்கி, இரண்டு நிறங்களையும் மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டே போனார்கள். மனிதரால் சில நானோமீட்டர் வித்தியாசத்தைக்கூடப் பிரிக்க முடியும். இறாலுக்கு 15 முதல் 25 நானோமீட்டர் வித்தியாசம் தேவைப்பட்டது. அதற்குள் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். மனித மூளை செய்வதுபோல அது செல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நேரத்தைச் செலவிடுவதில்லை. எந்தச் செல் துடித்ததோ அதுவே நிறம் என்று உடனே எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இமைக்கும் நேரத்தில் எதிரியை அடித்து நொறுக்கும் உயிருக்குத் தேவை உடனடி முடிவு. செல் ரகங்களை எண்ணி ஒரு கண்ணின் தகுதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

நிறமும் கூர்மையும் வேகமும் ஒருபுறம் இருக்க, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். வெள்ளாட்டின் கண்மணி கிடைமட்டமாக ஒரு கீற்றுப்போல இருக்கும், பூனையினுடையது செங்குத்து. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2015-இல் 214 நிலவாழ் விலங்குகளை ஒப்பிட்டதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. தரையோடு பதுங்கிப் பாய்பவற்றுக்குச் செங்குத்துக் கீற்று, இரையின் தூரத்தைக் கணிக்க உதவும். மேய்ந்து பிழைப்பவற்றுக்குக் கிடைக்கீற்று, வானத்து வெளிச்சத்தைக் குறைத்து, தரையோரமாகப் பக்கத்துக்குப் பக்கம் அகலமாகப் பார்க்க உதவும். சரி, ஆடு மேயத் தலையைக் குனிந்தால் கீற்று சாய்ந்துவிடாதா? சாயாது. தலை குனியக் குனிய இரண்டு விழிகளும் குழிக்குள் எதிர்த்திசையில் 50 பாகைக்கும் மேல் உருண்டு, கீற்றைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கின்றன. அடுத்த முறை ஆட்டை மேய்க்கிறவர்கள் அருகில் உட்கார்ந்து கவனித்தால் இது கண்ணாலேயே தெரியும்.

பார்வைத் திசை ஒரு பறவைக்கு எமனாகவும் முடியும். பறவைகளின் பார்வைப் பரப்பை வாழ்நாள் முழுக்க அளந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரஹாம் மார்ட்டின், 2010-இல் ஷா என்பவருடன் சேர்ந்து ஆப்பிரிக்கக் கோரி வரகுக்கோழியின் கண்களை ஆராய்ந்தார். தரையில் இரை தேட அந்தப் பறவைக்கு ஏற்ற கண்கள்தான். ஆனால் தலைக்கு மேலே பெரிய குருட்டுப் பகுதி உண்டு. பறக்கும்போது கீழே மேயிடம் தேடித் தலையை 25 பாகை குனித்தால் போதும், அந்தக் குருட்டுப் பகுதி நேர் முன்னால் வந்துவிடும். தான் போகும் திசையையே பார்க்காமல் பறக்கும். வானத்தில் எதிரே குறுக்கிட எதுவும் இல்லாத லட்சக்கணக்கான ஆண்டுகளில் இது குறையாக இருந்ததில்லை. மின்கம்பி வந்த பிறகு குறையாயிற்று.

அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்தியாவின் கானமயில். இருநூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் அதன் கடைசிப் புகலிடம் ராஜஸ்தானின் தார் பாலைவனம். சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகும் இடமும் அதுவே. உயரழுத்தக் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் சாவதைக் கண்டு, கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அதை முழுவதும் நிறைவேற்றுவது நடைமுறையில் கடினம் என்று அரசு முறையிட்டதால் 2024-இல் அந்த உத்தரவு திருத்தப்பட்டு, நிபுணர் குழு அமைக்கப்பட்டது. கம்பிகளில் பளபளக்கும் தட்டுகளைத் தொங்கவிடுவது ஒரு பாதி மருந்து. முன்னால் பார்க்கிற பறவைக்குத்தான் தட்டு கண்ணில் படும். நார்வேயின் ஸ்மோலா தீவில் காற்றாலையின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அந்தச் சிறிய சோதனையில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மூன்று இறக்கையும் வெள்ளையாகச் சுழன்றால் பறவைக்கு ஒரே மங்கலாகக் கரைந்துவிடும். ஒன்று கறுத்தால் அந்தச் சுழற்சி துண்டுபட்டுத் தெரியும். செலவு என்று பார்த்தால் சில டப்பா பெயின்ட்.

மனிதர் வைப்பது விலங்கின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி சென்னைக் கடற்கரையிலும் ஆண்டுதோறும் தை முதல் எழுகிறது. இரவில் கரையேறி முட்டையிட்டுப் போகும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், சுமார் ஏழு வாரம் கழித்து மணலைத் தள்ளிக்கொண்டு பெரும்பாலும் இரவிலேயே வெளியே வருகின்றன. கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. மேடும் மரமுமாக இருண்டு உயர்ந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டு, தாழ்ந்து வெளிச்சமாக இருக்கும் அடிவானத்தை நோக்கிப் போ என்பதுதான் அவற்றின் பிறவி விதி. நட்சத்திரமும் நிலவும் மட்டுமே ஒளி தந்த கரையில் வெளிச்சமான அடிவானம் என்றால் அது கடல்தான். இன்று அது சாலை. குஞ்சுகள் விளக்கை நோக்கித் திரும்பி, காய்ந்தும் நாய்களிடம் சிக்கியும் வண்டிச் சக்கரத்திலும் சாகின்றன. 1988-இல் தொடங்கப்பட்ட மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது.

குஞ்சுகளின் கண் எல்லா விளக்குக்கும் ஒரே மாதிரி மயங்குவதில்லை. நீலமும் ஊதாவும் பச்சையும் கலந்த குறுகிய அலைநீளம் அவற்றை வலுவாக இழுக்கும். ஆரஞ்சும் சிவப்பும் அவ்வளவாக இழுக்காது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கடற்கரைகளில் இதை வைத்தே விதி வகுத்திருக்கிறார்கள்: விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும், ஒளி கரைப்பக்கம் சிந்தாதபடி மூடியிருக்க வேண்டும், அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நம் தெருக்களில் முன்பு எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பகுதி 589 நானோமீட்டரை ஒட்டியது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அவற்றுக்குப் பதிலாக வந்த வெள்ளை எல்இடி விளக்கு, 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தில் கூர்மையான உச்சம் கொண்டது. சாலையில் நடக்கும் மனிதருக்கு இது பளிச்சென்ற நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். மணலுக்குள்ளிருந்து தலை நீட்டும் குஞ்சுக்கோ பழைய விளக்கை விடப் பலமடங்கு வலுவான அழைப்பு. அம்பர் நிற எல்இடியும் சந்தையில் கிடைக்கிறது, அதுவும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. கடலோரச் சாலைகளுக்கு விளக்கு வாங்கும் ஒப்பந்தப் புள்ளியில் வாட் எத்தனை என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே அலைநீளம் எத்தனை என்றும், கம்பத்தின் உயரம் எவ்வளவு, மறைப்பு எந்தப் பக்கம் என்றும் எழுதினால் போதும். தை முதல் வைகாசி வரை நடுநிசிக்கு மேல் அவற்றையும் அணைத்துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது.